தலைக்காயம், மனநல சிகிச்சை: நோயாளியை மையமாக வைத்து மதிப்பீட்டுப் படிவம் உருவாக்குவது எப்படி?

சேலம் பக்கம் மனநலப் பிரிவிலோ தலைக்காய மறுவாழ்விலோ வேலை செய்யும் உளவியலாளர், சமூகப் பணியாளர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வெளியிலிருந்து வந்த படிவம் உங்கள் நோயாளியின் வாழ்க்கையைத் தொடவில்லை, சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேள்வி எழுதுவதில் தொடங்குகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் நாற்பது கேள்வி எழுதிவிடலாம். அப்புறம் அந்த நாற்பதையும் விட்டுக்கொடுக்க மனசு வராது. நோயாளி சொல்வதை அந்த நாற்பதுக்குள் திணிக்கிற வேலைதான் நடக்கும். அதனால்தான் கீழே கேள்வி எழுதுவது ஆறாவது படியாக வருகிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

1. இந்த மதிப்பெண்ணை வைத்து யார் என்ன செய்யப்போகிறார்?

ஒரு வெள்ளைத்தாளில் இந்த வரியை எழுதுங்கள்: "இந்த மதிப்பெண் மாறினால் ______ என்பவர் ______ செய்வார்." இரண்டு கோடுகளையும் நிரப்ப முடியாவிட்டால் படிவம் இப்போதைக்கு வேண்டாம்.

ஓ.பி.யில் வருகிறவர்களில் யாருக்கு மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பிரித்தெடுப்பது ஒரு வேலை. சிகிச்சையில் இருக்கிறவர் முன்னேறுகிறாரா என்று பார்ப்பது வேறு வேலை. அடுத்த மூன்று மாதத்துக்கு எதில் கை வைப்பது என்று திட்டமிடுவது இன்னொன்று. ஒரே தாள் மூன்றையும் செய்யும் என்று எதிர்பார்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பிரித்தெடுக்க உதவும் கேள்விக்கான பதில் காலப்போக்கில் மாறாமல் இருக்கலாம். முன்னேற்றத்தை அளக்கும் கேள்விக்கான பதில் மாறக்கூடியதாக இருந்தே ஆக வேண்டும்.

அடிபட்டவருக்கு நினைவு எந்த அளவு இருக்கிறது என்று பார்க்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974 முதல் உலகம் முழுக்கப் புழங்குகிறது. 3 முதல் 15 வரை ஓர் எண் தருகிறது. அவசரப் பிரிவில் அந்த எண்ணை வைத்து உடனே முடிவெடுக்கிறார்கள். ஆனால் எட்டு மாதம் கழித்து அந்த மனிதர் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்ய முடியுமா என்று அதனிடம் கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. அது அந்த அளவுகோலின் குறை இல்லை. அதை வேறு முடிவுக்காகச் செய்தார்கள், அவ்வளவுதான்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அனுமதி: ஆய்வாக வெளியிடும் எண்ணம் துளியளவு இருந்தாலும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முதலிலேயே வாங்குங்கள். நேர்காணல் எடுத்துவிட்டுப் பின்தேதியிட்டு வாங்க முடியாது. சேவைக்காக மட்டும் என்றாலும் மருத்துவமனையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். நோயாளியின் பேச்சைப் பதிவு செய்யப்போகிறீர்கள்.

சம்மதம்: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரால் முடிவெடுக்க முடியாது என்று கருதக்கூடாது என்கிறது. விஷயம் புரிந்து, விளைவை உணர்ந்து, பேச்சாலோ முகக்குறியாலோ சைகையாலோ முடிவைத் தெரிவிக்க முடிந்தால் போதும். தலைக்காயத்துக்குப் பிறகு ஞாபகம் தங்காதவரிடம் ஒருமுறை வாங்கிய சம்மதத்தை வைத்து ஆறு மாதம் ஓட்டக்கூடாது. ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு நிமிடம் மறுபடி சொல்லிக் கேளுங்கள்.

ஆபத்து ஏற்பாடு: "செத்துப்போயிடலாம்னு தோணுதுங்க" என்று ஒருவர் சொன்னால் அடுத்த பத்து நிமிடத்தில் யார் வருவார், எந்த அறை, யாருக்கு போன் என்பதை முதல் நேர்காணலுக்கு முன்பே எழுதி ஒட்டுங்கள். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மனஸ் எண் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் கிடைக்கும். அந்த எண்ணைத் தாளின் அடியில் அச்சிடுங்கள். ஆனால் அது உங்கள் ஏற்பாட்டுக்கு மாற்று ஆகாது.

ஆட்கள்: தலைக்காயத்திலிருந்து மீண்டவர் ஒருவர், கூட இருந்து பார்த்துக்கொண்டவர் ஒருவர், இருவரும் முதல் கூட்டத்திலேயே இருக்க வேண்டும். கடைசியில் கூப்பிட்டுக் காட்டினால் மரியாதைக்கு "நல்லாயிருக்குங்க" என்பார்கள். பஸ் காசும் அன்றைய கூலியும் கொடுங்கள். தறி ஓட்டுகிறவரோ எஸ்டேட்டில் வேலை செய்கிறவரோ உங்களிடம் வரும் நாளில் கூலி போகிறது. புள்ளியியல் தெரிந்த ஒருவரையும் இப்போதே பிடித்துவையுங்கள். தகவல் திரட்டி முடித்த பிறகு போனால் அவரால் தலையைத்தான் சொறிய முடியும்.

3. ஏற்கெனவே இருப்பதைப் பார்த்துவிடுங்கள்

புதிதாகச் செய்யாமலே தப்பிக்க முடிந்தால் தப்பித்துவிடுங்கள். மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ-9, பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7 என்ற கேள்வித்தாள்கள் இரண்டையும் யாரிடமும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம். உளச்சிகிச்சையின் பலனைப் பொதுவாகப் பார்க்க 34 கேள்விகள் கொண்ட கோர்-ஓ.எம். இருக்கிறது. சைக்லாப்ஸ் என்ற படிவம், "உங்களை அதிகம் வாட்டும் பிரச்சினை எது?" என்று நோயாளியையே எழுதச் சொல்லி அதற்கு மதிப்பெண் போடச் சொல்கிறது. தலைக்காயத்துக்கு, 16 தொந்தரவுகளை விபத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிடச் சொல்லும் ரிவர்மீட் படிவமும், வாழ்க்கைத் தரத்தைக் கேட்கும் 37 கேள்விகள் கொண்ட குவாலிப்ரியும் உண்டு. பலவற்றுக்கு உரிமையாளரின் அனுமதி தேவை, முதலில் விசாரியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பி.எச்.க்யூ-9 தூக்கம், களைப்பு, பசி, கவனம், மந்தமான அசைவு பற்றியெல்லாம் கேட்கிறது. தலையில் அடிபட்டவருக்கு இவை மூளைக்காயத்தாலேயே வரலாம். மொத்த எண்ணை மட்டும் பார்த்து "கடும் மனச்சோர்வு" என்று எழுதினால் தவறான மருந்துக்கு வழி காட்டிவிடுவீர்கள். எந்தக் கேள்வியில் மதிப்பெண் ஏறியது என்று தனித்தனியாகப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பே போதும் என்று முடிவானால்: இருவர் தனித்தனியாகத் தமிழாக்கி, இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத ஒருவர் திருப்பி மொழிபெயர்த்து, ஒப்பிட வேண்டும். பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். கீழே ஒன்பதாவது படி மொழிபெயர்ப்புக்கும் கட்டாயம்.

4. கேள்வி இல்லாமல் போய்க் கேளுங்கள்

முழு வேலையிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான்.

யாரிடம் கேட்பது என்பதைத் தற்செயலுக்கு விடாதீர்கள். ஓ.பி. வரிசையில் முதலில் வருகிறவர்களையே பிடித்தால் டவுனில் இருக்கிற, நடக்க முடிகிற, பேச வருகிற ஆண்கள்தான் கிடைப்பார்கள். அம்மாபேட்டை தறிக்காரர், செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர், சங்ககிரி லாரி டிரைவர், ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்கு போடும் விவசாயி, ஏற்காட்டு எஸ்டேட் தொழிலாளி, மேலே மலைக் கிராமத்துக்காரர், கல்லூரி மாணவர் என்று ஒரு பட்டியல் போட்டுத் தேடிப் போங்கள். காயம்பட்டு இரண்டு மாதம் ஆனவரும் வேண்டும், இரண்டு வருடம் ஆனவரும் வேண்டும். பெண்களைத் தனியாகத் தேட வேண்டியிருக்கும். வரிசையில் அவர்கள் யாருக்கோ துணையாக நிற்பார்கள். தங்களுக்காக வந்து நிற்பது குறைவு.

போகும் காலத்தையும் பாருங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிப்பு. அந்த நேரத்தில் எஸ்டேட்காரர்களைக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். வந்தாலும் மனசு தோட்டத்தில் இருக்கும்.

என்ன கேட்பது? "உங்க அறிகுறிகள் என்ன?" என்று தொடங்கினால் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பதைத்தான் திருப்பிச் சொல்வார்கள். நான் கேட்பது இவை: "நேத்துக் காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க." "முன்னாடி செஞ்சு இப்ப விட்டுட்டது எது?" "எது திரும்ப வந்தா நல்லாயிட்டேன்னு சொல்வீங்க?" "வீட்ல யார் முதல்ல கவனிச்சாங்க?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். தலைக்காயம் பட்டவர் பதில் தேடி எடுக்க நேரம் ஆகும். நடுவில் நாம் எடுத்துக்கொடுக்கும் வார்த்தையை அவர் பிடித்துக்கொள்வார். அப்புறம் அது நம் பதில்.

இப்படிக் கேட்டால் வெளியூர்ப் படிவத்தில் இல்லாதவை வெளியே வரும். சத்தம் தாங்க முடியாமை தலைக்காயத்துக்குப் பிறகு சாதாரணம். அதைக் கேட்கும் படிவங்கள் உண்டு. ஆனால் விசைத்தறி வீட்டுக்குள்ளேயே ஓடும் குடும்பத்தில் சத்தத்தை விட்டு விலகிப் போக இடமே இல்லை. அவருக்குப் பிரச்சினை காதில் இல்லை. தறியை நிறுத்தினால் வருமானம் நிற்கும் என்பதால் அவர் பகல் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், யாரோடும் பேசுவதில்லை. இன்னொன்று: ஏற்காட்டிலிருந்து வருகிறவர் ரிவியூவுக்கு வராமல் இருந்தால் "ஒத்துழைப்பு இல்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவார்கள். காயத்துக்குப் பிறகு தலைச்சுற்றல் இருக்கிறவருக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பஸ்ஸில் இறங்கி வருவது என்னவென்று யாரும் கேட்பதில்லை. வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்கிறவரிடம் நாம் ஞாபகப் பரிசோதனை வைக்கிறோம்.

உளச்சிகிச்சைக்கு வருகிறவரிடமும் இதே முறைதான். "பதற்றம் குறையணும்" என்று வருகிறவர் ஒரு மணி நேரம் பேசினால், கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட முடிவதுதான் அவர் நினைக்கும் குணம் என்று தெரியவரும்.

அவர்கள் சொன்னதை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதுங்கள். ஒரு துண்டுச் சீட்டுக்கு ஒரு வாக்கியம். அப்புறம் சீட்டுகளைத் தரையில் பரப்பி ஒன்றோடொன்று சேர்வதைச் சேருங்கள். இதை நோயாளியும் துணை இருப்பவரும் கூட இருந்து செய்ய வேண்டும், ஏனென்றால் நாம் "கவனக் குறைபாடு" என்று ஒரு குவியலில் போடுவதை அவர்கள் "மரியாதை போச்சு" என்ற குவியலில் போடுவார்கள். தொடர்ந்து சில நேர்காணல்களில் புதிய குவியல் எதுவும் உருவாகவில்லை என்றால் நிறுத்தலாம்.

5. பதில் சொல்வது யார்?

மூளையின் முன்பகுதியோ வலப்பக்கமோ அடிபட்டவர்களில் சிலருக்குத் தன் குறை தனக்குத் தெரிவதில்லை. பொய் சொல்லவில்லை, வீம்பும் இல்லை. தன்னைக் கவனிக்கும் வேலையைச் செய்யும் பகுதியே காயப்பட்டிருக்கிறது. அவரிடம் மட்டும் படிவத்தைக் கொடுத்தால் எல்லாம் முழு மதிப்பெண்ணாக வரும். அதைப் பார்த்துப் பயந்து குடும்பத்தாரிடம் மட்டும் கேட்கும் முடிவுக்குப் பலர் போகிறார்கள். அப்போது நோயாளியே படிவத்திலிருந்து காணாமல் போய்விடுகிறார்.

செய்ய வேண்டியது: ஒரே கேள்விகளை இருவரிடமும், தனித்தனி அறையில், ஒரே நாளில் கேட்பது. 30 கேள்விகள் கொண்ட நோயாளித் திறன் மதிப்பீட்டுப் படிவம் இப்படித்தான் இயங்குகிறது. இரண்டு பதில்களுக்கும் உள்ள வித்தியாசமே அங்கே தகவல். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். நோயாளி 3, மனைவி 1 என்றால் சராசரி 2. அந்த 2 யாருடைய கருத்தும் இல்லை.

தனித்தனி அறை ஏன்? மனைவி பக்கத்தில் இருந்தால் நோயாளி ஒவ்வொரு கேள்விக்கும் மனைவி முகத்தைப் பார்ப்பார். அம்மா பக்கத்தில் இருந்தால், நாம் மகனிடம் கேட்கும் முன்பே, "அவன் நல்லாத்தானுங்க இருக்கான், வேளாவேளைக்குச் சாப்பிடறான்" என்று பதில் வந்துவிடும்.

குடும்பத்தாரிடம் எதைக் கேட்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. வெளியே போனாரா, மாத்திரை தானே எடுத்தாரா, இரவில் எழுந்தாரா போன்ற கண்ணுக்குத் தெரிவதை அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். உள்ளே என்ன வருத்தம் என்பதைச் சரியாகச் சொல்ல மாட்டார்கள். பார்த்துக்கொள்பவரின் சொந்தக் களைப்புக்கு வேறொரு சின்னப் பகுதி வையுங்கள். அதற்கு இடம் கொடுக்காவிட்டால் அந்தக் களைப்பு நோயாளியின் மதிப்பெண்ணில் இறங்கிவிடும்.

உளச்சிகிச்சையில் குடும்பப் படிவம் நோயாளி விரும்பினால் மட்டுமே. ஒருவர் எழுதியதை இன்னொருவரிடம் காட்டக்கூடாது. மாமியார் என்ன எழுதினார் என்று மருமகளுக்குத் தெரிந்தால் அடுத்த மாதம் யாரும் உண்மை எழுத மாட்டார்கள்.

பேச்சு பாதித்தவர்களிடம், தொடங்கும் முன் அவர்களின் ஆமாம்-இல்லை நம்பத்தக்கதா என்று பாருங்கள். "இது சேலமா?" "இது சென்னையா?" "நீங்க உக்காந்திருக்கீங்களா?" மூன்றுக்கும் தலையாட்டினால் அன்று படிவம் வேண்டாம். படங்களோடும் சைகையோடும் ஸ்பீச் தெரபிஸ்ட் உதவியுடன் இன்னொரு நாள் பாருங்கள்.

6. இப்போது கேள்வி எழுதுங்கள்

ஒவ்வொரு குவியலுக்கும் இரண்டு மூன்று கேள்வி. கடைசியில் தங்கப்போவதைப் போல இரண்டு மடங்கு எழுதலாம், வெட்டுவதற்கு. முடிவில் 15 கேள்விக்கு மேல் தங்கினால் தலைக்காயம் பட்டவர் முடிக்க மாட்டார்.

ஒரு கேள்வியில் ஒரே விஷயம். "தூக்கமும் பசியும் சரியா இருக்கா?" என்றால் தூங்காமல் நன்றாகச் சாப்பிடுகிறவர் என்ன சொல்வார்?

எதிர்மறையில் கேட்காதீர்கள். "கோபம் வரதில்லையா?" என்றால் "ஆமாங்க" என்பதற்கு வருகிறது என்றும் அர்த்தம், வரவில்லை என்றும் அர்த்தம்.

செயலைக் கேளுங்கள். "ஞாபக சக்தி எப்படி?" என்பதைவிட "கடைக்குப் போய் மூணு சாமான் சீட்டு இல்லாம வாங்கி வர முடிஞ்சுதா?" என்பது மேல். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் தன் ஞாபகத்தைப் பற்றி ஞாபகம் வைத்திருக்க வேண்டும், அதுதானே போய்விட்டது. ஆனால் செயல் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். வண்டி ஓட்டுவதைக் கேட்டால் வண்டியே ஓட்டாத பாட்டிக்கு வெற்றிடம் விழும். தொழிலுக்கே உரியதை எட்டாவது படிக்கு வையுங்கள்.

பணம், தாம்பத்தியம், குடி பற்றிய கேள்விகள் கடைசிக்கு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய கேள்வியை வைத்தால், அந்தத் தாளை நோயாளி கட்டடத்தை விட்டுப் போகும் முன் ஒருவர் படிக்க வேண்டும். படிக்க ஆள் இல்லாத ஓ.பி.யில் அந்தக் கேள்வியைத் தாளில் வைக்காதீர்கள். மருத்துவர் நேரில் கேட்கட்டும்.

7. அளவுகோலும் தாளும்

அளவுகோலை மேலிருந்து கீழாகப் போடுங்கள். மூளையின் வலப்பக்கம் அடிபட்டவர்களில் சிலர் இடப்பக்கத்தைக் கவனிக்காமல் விடுவார்கள். இடமிருந்து வலமாக 0, 1, 2, 3 என்று அச்சிட்டால் அவர் கண்ணுக்கு 2ம் 3ம் மட்டுமே தெரியும். மதிப்பெண் ஏறியதற்குக் காரணம் தாளின் வடிவமாக இருக்கும்.

நான்கு பதில் போதும். பத்துப் படி அளவுகோலில் 6க்கும் 7க்கும் என்ன வித்தியாசம் என்று யோசிப்பதிலேயே அவர் களைத்துப்போவார். சிரித்த முகம், அழுத முகம் படங்களை எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று போடுகிறார்கள். அதில் ஒரு சிக்கல்: "நடக்க முடியுதா?" என்று கேட்டாலும் அவர் அன்றைய மனநிலையைப் பார்த்துத்தான் முகத்தைத் தொடுவார். உயர்ந்துகொண்டே போகும் படிக்கட்டுப் படம் இதைவிட நன்றாக வேலை செய்கிறது.

கால அளவை அவர்கள் நாட்களோடு கட்டுங்கள். "கடந்த ஏழு நாட்களில்" என்பதற்குப் பதில் "போன சந்தை நாள்ல இருந்து இன்னைக்கு வரைக்கும்" என்றால் பிடிகிடைக்கும். எழுத்து பெரிதாக, ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி. காலை நேரம், அதிகம் போனால் இருபது நிமிடம், நடுவில் தண்ணீர். அதே பதிலை வரிசையாகத் தொடத் தொடங்கினால் நிறுத்துங்கள். அது களைப்பாக இருக்கலாம். ஒன்றில் சிக்கிய மனம் அடுத்ததற்கு நகர முடியாத காயத்தின் விளைவாகவும் இருக்கலாம்.

8. தனி இலக்குக்கு ஓர் இடம்

பொதுக் கேள்விகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒருவருக்கு மட்டும் உரியது விட்டுப்போகும். அதற்கு 1968 முதல் இருக்கும் இலக்கு எட்டும் அளவுகோலைத் தாளின் கடைசியில் சேருங்கள். -2 முதல் +2 வரை ஐந்து படிகள். எதிர்பார்க்கும் நிலை 0.

ஏற்காட்டு எஸ்டேட் தொழிலாளி ஒருவர் "தனியா டவுனுக்கு வந்து போகணும்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதக் கெடு. இப்போதைய நிலை, மனைவியோடு வருவது: -1. பஸ்ஸே ஏற முடியாமல் போவது: -2. போனைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக வந்து திரும்புவது: 0. வந்த இடத்தில் டவுன் பஸ் மாறி மருத்துவமனைக்குத் தானே வருவது: +1. அதோடு மருந்தும் வாங்கி, சில்லறை சரிபார்த்துத் திரும்புவது: +2.

இப்போதைய நிலையை -1இல் வைப்பதற்குக் காரணம், மோசமானால் குறிக்கக் கீழே ஓர் இடம் வேண்டும் என்பது. புதியவர்கள் ஐந்து படிகளையும் தாங்களே எழுதிவிட்டு நோயாளியிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். 0 என்ன என்பதை அவர் சொல்ல வேண்டும். எட்ட முடியாததாக இருந்தால் பேசிக் குறைக்கலாம். இரண்டு அல்லது மூன்று இலக்குக்கு மேல் வேண்டாம்.

9. உரக்க யோசிக்கச் சொல்லிப் பாருங்கள்

ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் காட்டி, பதில் எப்படி வந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்குக் குறைந்தது ஏழு பேர். திருத்திவிட்டு, புதிய ஏழு பேரிடம் இன்னொரு சுற்று.

பேச்சு இப்படிப் போகும்:

"அக்கா, 'வீட்டு வேலைய முன்ன மாதிரி செய்ய முடியுதா'ன்னு கேட்டா 'எப்பவும் முடியுது'ன்னு தொட்டீங்க. எத நினைச்சுத் தொட்டீங்க?"

"சோறு ஆக்கிடறேனுங்க."

"எவ்வளவு நேரமாகுது?"

"காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சா பதினொண்ணாயிடுதுங்க. முன்னாடியெல்லாம் ஒரு மணி நேரந்தான். ஆனா செஞ்சுடறேன்ல?"

அந்த அக்காவின் பதில் தவறில்லை. கேள்விதான் நேரத்தைக் கேட்கவில்லை. இந்த ஓட்டையை எந்தப் புள்ளியியலும் காட்டாது, அதனால் எண்ணிக்கைக்கு முன் இது நடக்க வேண்டும்.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "புரிஞ்சுதுங்க" என்றுதான் வரும். "இந்தக் கேள்விய உங்க தங்கச்சிகிட்ட எப்படிக் கேப்பீங்க?" என்று கேளுங்கள். நம்மைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதற்காகவே நல்ல பதில் சொல்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. சிகிச்சை கொடுக்கும் ஆளே இந்தச் சுற்றை நடத்தக்கூடாது என்பதும் அதனால்தான்.

10. எண்ணிக்கை வேலை

இங்கே புள்ளியியலாளரோடு உட்காருங்கள். நீங்கள் தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவு: குறைந்தது 100 பேரிடம் நிரப்பி வாங்குவது நல்லது. கேள்விகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று பார்க்கும் ஆல்ஃபா எண் 0.70க்கும் 0.95க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் ஒரே கேள்வியை வேறுவேறு சொல்லில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். 15 சதவீதத்துக்கு மேல் ஆட்கள் அடிமட்ட மதிப்பெண்ணிலோ உச்ச மதிப்பெண்ணிலோ குவிந்தால் படிவத்தால் அவர்களிடம் மாற்றத்தைக் காட்ட முடியாது.

நிலை மாறாத 50 பேருக்காவது இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுங்கள். நடுவில் மருந்து மாறியவரையும், வீட்டில் துக்கம் நடந்தவரையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதிலிருந்து வரும் மிகப் பயனுள்ள எண், எத்தனை மதிப்பெண் மாறினால் அதை மாற்றம் என்று நம்பலாம் என்பது. உதாரணக் கணக்கு: 45 மதிப்பெண் படிவம், திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் மதிப்பெண் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது) 6, மறுசோதனை நம்பகம் (இரண்டாம் முறை மதிப்பெண் முதல் முறையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது, முழுக்க ஒத்துப்போனால் 1) 0.84. 1இலிருந்து 0.84ஐக் கழித்தால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4; 6ஆல் பெருக்கினால் 2.4. இதுதான் அளவீட்டுப் பிழை. இரண்டு முறை அளப்பதால் 1.41ஆலும், 95 சதவீத உறுதிக்காக 1.96ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 6.6 வரும். ஆக 7 மதிப்பெண் ஏறினால்தான் ஒருவர் முன்னேறினார் என்று எழுதலாம். மூன்று ஏறியதற்கே வார்டில் இனிப்பு கொடுக்கிறார்கள். நான்கு இறங்கியதற்கு மருந்தைக் கூட்டுகிறார்கள்.

11. ஓ.பி.க்குள் கொண்டுவருவது

யார் எப்போது கொடுப்பார், எந்த மேசையில், யார் கூட்டுவார் என்று எழுதுங்கள். காத்திருக்கும் நேரத்தில் வெளி பெஞ்சில் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார், பதில் மாறும்.

மதிப்பெண்ணை அன்றே நோயாளியிடம் சொல்லுங்கள். "போன தடவை சத்தம் தாங்க முடியலன்னு சொன்னீங்க, இப்ப ரெண்டு படி ஏறியிருக்கு, உங்களுக்கு அப்படித் தோணுதா?" இல்லை என்று அவர் சொன்னால் அவர் சொல்வதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். தாளை நிரப்பி நிரப்பிக் கொடுத்தும் எதுவும் திரும்பி வராவிட்டால் மூன்றாவது முறை எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத் தொட்டுவிட்டுப் போவார்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ், இழப்பீட்டு வழக்கு போன்றவற்றுக்கு இந்தத் தாளைக் கேட்டு வருவார்கள். அதற்காகச் செய்ததில்லை என்பதைத் தாளிலேயே அச்சிடுங்கள். பணம் தொங்கும் இடத்தில் பதில்கள் வேறுவிதமாக வரும். அதற்கு நோயாளியைக் குறை சொல்லவும் முடியாது.

வருடத்துக்கு ஒருமுறை நிரம்பிய தாள்களை எடுத்து, பலர் விட்டுவிட்டுப் போன கேள்வி எது, எல்லோரும் ஒரே பதில் சொன்ன கேள்வி எது என்று பாருங்கள். கேள்வியை மாற்றினால் பழைய மதிப்பெண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது, அதனால் பதிப்பு எண்ணையும் தேதியையும் கீழ் மூலையில் போடுங்கள். பழைய பதிப்பின் வெற்றுத் தாள்களை வார்டு அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே தட்டில் இருந்தால் அவசரத்தில் கைக்கு எது வருகிறதோ அதைத்தான் எடுப்பார்கள்.